பதினேழாம் மாடியில் ஒரு துளை

காலை ஒன்பதரைக்குத்தான் துளையிட அனுமதி.
அதுவரை இந்தச் சுவரோடு சும்மா நிற்கிறேன்.
பூச்சில்லை, சாயமில்லை,
வார்த்த பலகையின் ரேகை மட்டும்:
ஒரு கணு, ஒரு நீள வெடிப்பு,
ஆணித்தலை அழுத்திய அம்மைத் தழும்பு.
பலகையைப் பிரித்து ஐம்பது வருஷம்.
எந்த அடுப்பில் எரிந்ததோ.
கைரேகையை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

காலாங் ஆற்றிலிருந்து பார்த்தால்
யாரோ கவிழ்த்துவைத்த இழுப்பறைகள்.
டாக்சிக்காரர்களுக்குத் தேன்கூடு என்றால் போதும்.
எழுபத்து மூன்றில் இதை வரைந்தவர்கள்
இரண்டாயிரத்தை வரைவதாகத்தான் நினைத்தார்கள்.
ஐந்தாம் மாடியில் வானத்துத் தெரு,
பிள்ளைகள் தரையைத் தொடாமலே பள்ளிக்குப் போகலாம்,
உச்சியில் ஹெலிகாப்டருக்கு மஞ்சள் வட்டம்.
ஹெலிகாப்டர் வந்ததே இல்லை.
வட்டத்தில் யாரோ கருவாடு காயவைக்கிறார்கள்.
வானத்துத் தெருவில்
பணம் அனுப்பும் கடை, நகம் திருத்தும் கடை,
ஒரு பல் டாக்டர்,
கரோக்கே ஒன்று, பூட்டிக் கிடக்கிறது,
உள்ளே விளக்கு மட்டும் சுற்றுகிறது.

மிலேனா பெல்கிரேடில் பிறந்தவள்.
சுவருக்குள் கம்பியைத் தேடும் கருவி அவளுடையது.
அவள் ஊரிலும் இப்படித்தானாம்:
ஆற்றுக்கு அக்கரையில் சதுப்பு,
சதுப்பின்மேல் மணல்,
மணலின்மேல் ஒரு நாளை.
"அங்கே தோழர்கள் கட்டினார்கள். இங்கே?"
"வங்கிக் கடன்" என்றேன்.
சிரித்தாள். முட்டியால் சுவரைத் தட்டிப் பார்த்தாள்.
"சத்தம் ஒன்றுதான்."

ஒன்பதரை.
இயந்திரம் தண்ணீர் குடித்தபடியே உள்ளே போகிறது.
கதவு திறந்தது. ஹபீபுன்னிஸா,
விமான நிலையத்தில் இரவு வேலை,
தலையில் ஈரத் துண்டு, கண்ணில் தூக்கமும் கோபமும்.
"கூட்டா வித்தாச்சு. இடிக்கப் போறீங்க.
சாகப்போறதுக்கு எதுக்கு உடம்பு செக்கப்பு?"
பதில் இருந்தது என்னிடம்,
பிரிவு நான்கு, உட்பிரிவு இரண்டு.
"பத்தே நிமிஷம்க்கா" என்றேன்.

உருளை வெளியே வந்தது,
அப்போதுதான் பிடுங்கிய கிழங்குபோல் வெதுவெதுப்பாக.
உள்ளே கருங்கல் சில்லுகள்,
உபின் தீவில் உடைத்தவையாக இருக்கலாம்.
மணலோடு ஏமாற்றி ஏறிவந்த
ஒரு சிப்பியின் ஓரம்.

மருந்தைத் தெளித்தேன்.
காற்று தின்றுவிட்ட சிமெண்டு நிறம் மாறாது.
மாறாவிட்டால், கம்பி துருவுக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.
விளிம்பில் நகத்தளவுக்கு வெறும் சாம்பல்.
பிறகு
மேம்பாலத்துக் காகிதப்பூவின் நிறம்,
அடி ஆழம் வரை,
வெட்கமே இல்லாமல்.

அக்கா கதவைச் சாத்தவில்லை.
"இது நல்லதா, கெட்டதா?"
"நல்லது. இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும்."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"யாருக்கு அனுப்பி என்ன ஆகப்போவுது" என்றபடியே
கைபேசியில் இரண்டு படம் எடுத்துக்கொண்டார்,
ஒன்று வெளிச்சம் சரியில்லை என்று மூன்றாவதும்.

துளையை அடைக்க வேண்டும்.
இடிக்கப்போகிற சுவராக இருந்தாலும்
அடைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.
மிலேனா கலவையை அப்பினாள், சமன் செய்தாள்,
போகக் கிளம்பியவள் திரும்பி வந்து
கருவிப் பெட்டியின் அடிப்பலகையை உருவி
ஈரத்தின்மேல் அழுத்தினாள்.
எடுத்தபோது ரேகை விழுந்திருந்தது.
பக்கத்து ரேகைகளோடு சேரவில்லை,
அரை விரல் கோணல்.

எண்ணூற்று மூன்றாம் எண் பேருந்தில்
உருளை என் மடியில், துணியில் சுற்றி.
சாயங்காலத்துக்குள் நிறம் வெளுத்துவிடும்.
படிவத்தை இப்போதே எழுதிவிடுவது நல்லது:
மாடி பதினேழு. மாதிரி மூன்று.
காற்று புகுந்த ஆழம் பன்னிரண்டு மில்லிமீட்டர்.
கடைசிக் கட்டத்தில், பிற குறிப்புகள் என்ற இடத்தில்,
வீட்டுக்காரர் தூங்கவில்லை என்று எழுதி,
அடிக்காமல் விட்டுவிட்டேன்.